உஷார்! கிரகப்பிரவேசத்துக்குப் பட்டாசுப் பெட்டியா?

ஐப்பசி முகூர்த்தங்கள் தொடங்கிவிட்டால் ஆலங்குளம் பக்கம் பத்திரிகைகள் குவியும். சென்னை, கோவை, பெங்களூரு என்று பிழைக்கப் போன பிள்ளைகள் அங்கேயே வீடு வாங்கிப் பால் காய்ச்சுகிறார்கள். இங்கே சொந்தபந்தங்களுக்கு ஒரே யோசனை: "அவுகட்ட என்ன இல்ல, நாம என்னத்த வாங்கிட்டுப் போக?" குத்துவிளக்கு ஏற்கெனவே நாலு ஜோடி சேர்ந்திருக்கும். சாமி படத்துக்கும் சுவர்க்கடிகாரத்துக்கும் ஆணி அடிக்க இடமிருக்காது. வெள்ளி விற்கிற விலையில் கிட்டப் போக முடியாது. கடைசியில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "நம்மூர்ச் சரக்கு இருக்கும்போது எதுக்கு மைனி யோசிக்கிறீக? ஒரு கிப்ட் பாக்ஸ் எடுங்க. தீவாளிக்கும் ஆச்சு, பிள்ளைகளும் சந்தோசப்படும்."

தயவுசெய்து எடுக்காதீர்கள்.

வீடு கட்டச் சிமென்ட்டும், அதே வீட்டு வாசலில் வெடிக்கப் பட்டாசும் அனுப்பும் வட்டாரம் இது. 1970இல் தொடங்கிய அரசு சிமென்ட் ஆலை ஒரு பக்கம், வெம்பக்கோட்டை, சாத்தூர், சிவகாசி என்று பட்டாசு ஆலைகள் மறுபக்கம். கையெட்டும் தூரத்தில், தள்ளுபடி விலையில் கிடைக்கும் பொருளைப் பரிசாக நினைப்பது இயல்புதான். ஆனால் விழா நடக்கும் வீட்டை ஒரு நிமிடம் கண்முன் கொண்டுவந்து பாருங்கள்.

ஹாலின் நடுவில் கணபதி ஹோமம். ஐயர் நெய் ஊற்ற ஊற்றத் தீ எழும்புகிறது, சமித்து வெடித்துப் பொறி தெறிக்கிறது. அடுப்படியில் புது அடுப்பு, புது சிலிண்டர், பொங்கி வரும் பால். வீட்டில் இன்னும் மேசையோ அலமாரியோ வரவில்லை, அதனால் வருகிற பரிசெல்லாம் ஹால் மூலையில் தரையிலேயே அடுக்கப்படுகிறது. அந்தக் குவியலில் உங்கள் பெட்டியும் இருக்கிறது. மேலே பளபளக்கும் பரிசுத்தாள், ரிப்பன், "அன்புடன்" என்று பெயர்ச்சீட்டு. உள்ளே இருப்பது பட்டாசு என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. எனக்குக் குலைநடுங்குவது இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். கடையில் இருந்தபோது பெட்டி மேலேயே எச்சரிக்கை அச்சாகியிருந்தது. நாம்தான் அதன் மேல் பூப்போட்ட தாளை ஒட்டி மறைத்துவிட்டோம்.

இங்கே ஆலைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மருந்துக் கலவை அறையில் அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆட்கள் நிற்கக் கூடாது. இரும்புச் சாமான் உள்ளே போகக் கூடாது. நைலான், பாலியஸ்டர் உடுத்தக் கூடாது, பருத்திதான். வாசலில் மணல் வாளி, தண்ணீர்த் தொட்டி. சுற்றி முடித்த பட்டாசு கலவை மருந்து அளவுக்குத் துள்ளாது என்பது உண்மை. நெருப்புப் பொறி பட்டால் மட்டும் அதுவும் பொறுக்காது. ஆலையில் அவ்வளவு கட்டுப்பாட்டோடு தொடுகிற பொருளை, ஐம்பது பேர் பட்டுப்புடவையும் குழந்தையுமாக நெருக்கியடிக்கிற, ஒரே வாசல் உள்ள ஃபிளாட்டுக்குள் கொண்டுபோய் வைக்க எப்படி மனம் வருகிறது?

பட்டாசும் சிலிண்டரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பதை 2021 அக்டோபர் 26 அன்று சங்கராபுரம் பார்த்தது. பட்டாசுக் கடையில் பிடித்த தீ அடுத்த கடைக்குத் தாவி, அங்கிருந்த எரிவாயு சிலிண்டர்களும் வெடித்தன. பல உயிர்கள் போயின.

வீடு போய்ச் சேருவதற்குள் இருக்கும் ஆபத்து தனி. அதே 2021 தீபாவளியன்று புதுச்சேரி எல்லையில், கோட்டக்குப்பம் அருகே, ஸ்கூட்டரில் நாட்டு வெடி எடுத்துப் போன அப்பாவும் ஏழு வயது மகனும் அந்த இடத்திலேயே இறந்தார்கள். 2024 தீபாவளிக்கு ஆந்திராவின் ஏலூரில் வெங்காய வெடி ஏற்றிப்போன இருசக்கர வாகனம் பள்ளத்தில் இறங்கிய வேகத்தில் வெடித்து ஒருவர் பலியானார். பில் இல்லாமல், கம்பெனி பெயர் இல்லாமல், உதிரியாக வாங்கி அட்டைப் பெட்டியில் அடுக்கிக் கொடுக்கும் சரக்கில் இப்படிப்பட்ட வெடி கலந்திருந்தால் உங்களால் கண்டுபிடிக்க முடியுமா?

ரயிலில் போகிறவர்கள் இன்னும் கவனியுங்கள். பொதிகையிலோ கொல்லம் மெயிலிலோ சீட்டுக்கு அடியில் பெட்டியைத் தள்ளிவிட்டுத் தூங்கினால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். ரயில்வே சட்டம் 1989, பிரிவு 164இன்படி மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அரசுப் பேருந்திலும் அனுமதி கிடையாது. சட்டத்தை விடுங்கள், 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியை நினைத்துப் பாருங்கள். விதியை மீறி உள்ளே ஏற்றிய சிலிண்டரால் ஒன்பது பேர் இறந்தார்கள்.

விழா முடிந்த பிறகும் அந்தப் பெட்டி போகும் இடம் பெரும்பாலும் பரண்தான், அதிலும் அடுப்படிப் பரண்.

சரி, வேறு என்ன கொடுப்பது? எல்லாம் இருக்கிற வீட்டிலும் பெரும்பாலும் இல்லாத ஒன்று உண்டு: தீயணைப்பான். ஒரு கிலோ அல்லது இரண்டு கிலோ ஏபிசி பவுடர் ரகம் வீட்டுக்குப் போதும். ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா, மேலே உள்ள முள் பச்சைக் கோட்டில் நிற்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் மாட்டாமல் அடுப்படி வாசலருகே மாட்டச் சொல்லுங்கள், அப்போதுதான் அவசரத்துக்குக் கை எட்டும். நல்ல நாளும் அதுவுமாக இதைக் கொடுத்தால் அபசகுனம் என்று பெரியவர்கள் முகம் சுளிக்கலாம். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்து, சந்தனம் குங்குமம் இட்டுக் கொடுங்கள். காக்கிற பொருளில் அபசகுனம் ஏது?

அதற்கும் கை இடிக்கிறதா? ஐஎஸ்ஐ முத்திரை உள்ள சுரக்ஷா கேஸ் குழாய் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய பொருள், பலரும் மாற்றுவதே இல்லை. நம்மூர் மணம் வேண்டும் என்றால், 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா இருக்கிறது, சாத்தூர் சேவு இருக்கிறது. சாப்பிட்டுத் தீரும் பரிசு யார் வீட்டிலும் இடத்தை அடைக்காது.

ஏற்கெனவே பெட்டி வாங்கிவிட்டீர்களா? பரிசுத்தாள் சுற்றாதீர்கள், பஸ்ஸிலும் ரயிலிலும் ஏற்றாதீர்கள், உங்கள் வீட்டுத் தீபாவளிக்கு வைத்துக்கொள்ளுங்கள். போன முகூர்த்தத்தில் யாருக்காவது கொடுத்திருந்தால் இன்றைக்கே போன் போட்டு, அதில் பட்டாசு இருக்கிறது, பரணிலிருந்து இறக்கி அடுப்படிக்குத் தள்ளி, வெயிலும் ஈரமும் படாத இடத்தில், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள் என்று சொல்லிவிடுங்கள்.