முதுகுக்குத் தாங்கல் சரி, வியர்வைக்கு வழி?

போன சித்திரையில் மருமகன் ஒரு சட்டகத்தைக் கொண்டுவந்து, "மாமா, குனிஞ்சு நிமிர உதவியா இருக்கும், போட்டுப் பாருங்க" என்றார். அவர் வேலை பார்க்கும் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்களுக்காக வாங்கியது. 10 நாள் இரவல். எக்ஸோஸ்கெலிட்டன் என்கிறார்கள். மோட்டாரும் இல்லை, பேட்டரியும் இல்லை. நெஞ்சில் ஒரு மெத்தை, இடுப்பில் பெல்ட், தொடைகளில் பட்டை, பக்கத்தில் ஸ்பிரிங். குனியும்போது ஸ்பிரிங் விசையைச் சேர்த்து வைத்துக்கொள்ளும், நிமிரும்போது நெஞ்சை மேலே தள்ளிவிடும்.

எனக்கு இடுப்பு டிஸ்க் தேய்ந்து 4 வருஷமாகிறது. குனிய முடியாமல் போனால் நிலத்தைக் குத்தகைக்கு விடுவதுதான் வழி. அதனால் ஆசையோடுதான் போட்டேன்.

காலை 6 மணிக்கு மண்புழு உர மூட்டைகளை அடுக்கினேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், முதுகு பாரமே தெரியவில்லை. அந்தத் தெம்பில் 10 மணிக்கு எள்ளுக் களை எடுக்க இறங்கினேன். அரை மணி நேரத்தில் பெல்ட்டுக்குக் கீழே பனியன் நனைந்து ஒட்டிக்கொண்டது, தலை கிறுகிறுத்தது. களைக்கு வந்திருந்த அக்கா, "சார், முதுகைக் காப்பாத்தி உசுரை எடுத்துடும்போல இருக்கே, மொதல்ல கழட்டுங்க!" என்று அதட்டினார்.

வங்கியில் கடன் மனுக்களைப் பார்த்தே தலை நரைத்தவன் நான். வரவை மட்டும் எழுதிக்கொண்டு வந்தால் செலவுப் பக்கம் எங்கே என்று கேட்பேன். இந்தச் சட்டகத்தின் செலவுப் பக்கம் சூடு. உழைக்கும்போது தசை எரிக்கும் சக்தியில் ஏறக்குறைய முக்கால் பங்கு வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. 1 லிட்டர் வியர்வை தோலிலேயே ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தைக் கொண்டுபோகும். சொட்டி மண்ணில் விழுந்த வியர்வையால் அந்தப் பயன் இல்லை. மெத்தையும் பெல்ட்டும் மூடிய இடத்திலோ காற்றே புகாது. அந்த ஃபோம் மெத்தை கம்பளிக்குச் சமம். வியர்வையில் ஊறிய தோலைப் பட்டை உரசுவதால் வேர்க்குருவும் புண்ணும் வேறு.

ஜப்பானில் விவசாயிகளில் பெரும்பாலோர் என் வயதுக்காரர்கள். அங்கே டோக்கியோ அறிவியல் பல்கலைக்கழகத்தில் பிறந்த 'மசில் சூட்' வகையில், 2019இல் வந்த 'எவ்ரி' 3.8 கிலோ எடை, காற்றழுத்தத்தில் இயங்குகிறது. அதே நாட்டில் இடுப்புக்கு மேலே சின்ன மின்விசிறிகள் பொருத்திய சட்டையும் பிரபலம். சோனியில் பொறியாளராக இருந்த இச்சிகாயா உருவாக்கியது. சட்டைக்கும் உடம்புக்கும் நடுவே காற்று ஓடி வியர்வையை உலர்த்தும். இரண்டையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். ஆனால் பட்டை சட்டையை அமுக்கினால் காற்று ஓடும் வழி அடைபட்டுவிடும். முதுகுக்கு ஒருவர், சூட்டுக்கு ஒருவர் என்று தனித்தனியாக வடிவமைத்தால் இப்படித்தான்.

வாங்க நினைக்கும் நண்பர்கள் கடையில் ஏ.சி. அறையில் போட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வெயிலில் ஒரு மணி நேரம் போட்டு வேலை செய்ய விடுகிறார்களா என்று கேளுங்கள். நடுமுதுகு திறந்திருக்கிறதா, மெத்தை வலைத்துணியா, கழற்றித் துவைக்க முடியுமா என்றும் பாருங்கள். தலை சுற்றினால் அவிழ்த்துவிட்டு நிழலுக்குப் போய்விடுங்கள், வரப்பு முடியட்டும் என்று இருக்காதீர்கள்.

நான் மீதி நாட்களில் காலை 8 மணிக்குள் மூட்டை தூக்க மட்டும் போட்டேன். மருமகனிடம் கேட்டுக்கொண்டு நெஞ்சு மெத்தையைக் கழற்றி, காய்ந்த பீர்க்கங்கூட்டைப் பருத்தித் துணிக்குள் தைத்து வைத்தேன். கொஞ்சம் குத்தியது, ஆனாலும் உள்ளே காற்று போனது. திருப்பிக் கொடுத்தபோது, அந்தப் பீர்க்கங்கூட்டை அப்படியே விட்டுவைக்கச் சொல்லிக் கிடங்குக்காரர்கள் கேட்டார்களாம்.