கலாநிதிப் பட்டம் வேறு, மருந்தாளர் அனுமதி வேறு: வெளிநாடு புறப்படும் பாமசிப் பட்டதாரிகளுக்கு

வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம் படிக்கப் போகிறேன் என்று சொல்லும் பாமசிப் பட்டதாரிகளை அடிக்கடி சந்திக்கிறேன். யாழ்ப்பாணம், பேராதனை, கொழும்பு, ஜயவர்தனபுர, ருகுணு என்று நமது அரச பல்கலைக்கழகங்களில் நான்கு வருடம் படித்து வெளியேறியவர்கள். 2022 நெருக்கடிக்குப் பிறகு இந்த எண்ணம் இன்னும் பரவலாகிவிட்டது. எந்த நாடு என்று கேட்பதற்கு முன்பு, எந்தக் கலாநிதி என்று அவர்களிடம் கேட்பேன். பலருக்கு அந்தக் கேள்வியே புதிதாக இருக்கிறது.

பாமசித் துறையில் ‘டொக்டர்’ என்ற சொல்லோடு முடியும் பட்டங்கள் இரண்டு உண்டு. ஒன்று ஃபாம்.டி. இது ஒரு தொழில்சார் பட்டம். நோயாளிக்கு மருந்து கொடுப்பவரை, விடுதியில் வைத்தியருக்கு மருந்து பற்றி ஆலோசனை சொல்பவரை உருவாக்குவது. அமெரிக்காவில் இன்று மருந்தாளராகப் படிப்பவர்கள் எல்லோரும் படிப்பது இதைத்தான். மற்றையது பிஎச்.டி. இது ஆய்வுப் பட்டம். ஒரு மாத்திரை உடலில் எப்படிக் கரைகிறது, ஒரு மூலக்கூறை எப்படி மாற்றியமைக்கலாம், ஒரு மருந்துக்கு அரசு செலவிடும் பணம் தகுமா என்பன போன்ற கேள்விகளுக்கு ஆண்டுக்கணக்கில் விடை தேடுவது. கலியாணப் பேச்சில் இரண்டும் ஒன்றாகத் தெரியலாம். தொழிலில் இரண்டும் வெவ்வேறு வாசல்கள்.

பிஎச்.டி. முடித்தால் வெளிநாட்டில் மருந்தாளராகவும் வேலை செய்யலாம் என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். அப்படி எந்த நாட்டிலும் இல்லை. மருந்தாளர் அனுமதிக்கு வேறு பரீட்சை, வேறு பயிற்சி, வேறு சபை. ஆய்வுப் பட்டம் அதில் ஒரு படியைக்கூடக் குறைத்துத் தராது.

அமெரிக்காவில் நிலைமை இன்னும் இறுக்கமானது. வெளிநாட்டுப் பட்டதாரி அங்கே அனுமதி பெறுவதற்கு முதலில் எஃப்.பி.ஜி.ஈ.சி. என்ற சான்றிதழ் வேண்டும். 2003 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின்னர் பட்டம் பெற்றவர் என்றால், அவர் படித்த பாமசிப் பாடநெறி குறைந்தது ஐந்து வருடங்களாக இருந்திருக்க வேண்டும் என்பது விதி. நமது பட்டம் நான்கு வருடம். பின்னர் முதுமாணி செய்தாலும், பிஎச்.டி. செய்தாலும் அந்த ஒரு வருடம் நிரம்பாது. இந்தியாவின் நான்கு வருட பி.ஃபாம். பட்டதாரிகளும் இதே சுவரில்தான் முட்டுகிறார்கள். அங்கே 2008இல் ஆறு வருட ஃபாம்.டி. தொடங்கப்பட்டதால், அதைப் படித்தவர்களுக்கு வழி கிடைத்தது. நமக்கு அப்படி ஒரு மாற்று இல்லை.

அதனால் அமெரிக்காவில் மருந்தாளராக வேண்டும் என்றால் அங்கேயே ஃபாம்.டி. படிக்க வேண்டும். வெளிநாட்டு மருந்தாளர்களுக்கென்று சுருக்கிய பாடநெறியைக் கொலராடோ பல்கலைக்கழகம் போன்ற ஒரு சில இடங்கள் நடத்துகின்றன. மற்ற இடங்களில் வழமையாக நான்கு வருடம். செலவு பெரும்பாலும் இலட்சம் டொலரைத் தாண்டும். புலமைப்பரிசில் அரிது. காணியை விற்றுத்தான் போக வேண்டும் என்றால், போகாமல் இருப்பதே மேல் என்பது என் கருத்து.

பிஎச்.டி.யில் கணக்கு நேர்மாறானது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் படிப்புக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, மாதாந்தக் கொடுப்பனவும் தருகின்றன. பதிலுக்கு நீங்கள் கற்பிக்க வேண்டும் அல்லது ஆய்வுகூடத்தில் உழைக்க வேண்டும். முதுமாணி இல்லாமலே நேரடியாகச் சேரலாம். ஏறத்தாழ ஐந்து வருடம். முடித்ததும் மாணவர் விசாவிலேயே 12 மாதங்களும், தகுதியான துறை என்றால் மேலும் 24 மாதங்களும் வேலை செய்யலாம். மருந்து வடிவமைப்பு, மருந்தளவு கணிப்பு, ஒழுங்குமுறை விவகாரம், மருந்துப் பொருளியல் என்று நிறுவனங்களில் இடங்கள் உண்டு. அதன் பிறகுதான் சிக்கல். எச்-1பி விசா நிறுவனங்களுக்குக் குலுக்கல் முறையில் கிடைப்பது. பல்கலைக்கழகங்களுக்கு அந்த எண்ணிக்கை வரம்பு இல்லை. ஆனால் 2025 செப்டெம்பரில் புதிய விண்ணப்பங்கள் பலவற்றுக்கு ஒரு இலட்சம் டொலர் கட்டணம் அறிவிக்கப்பட்டது முதல், வேலை கொடுப்போர் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

எனக்குத் தெரிந்த அண்ணா ஒருவர் அமெரிக்காவில் மருந்து வேதியியலில் பிஎச்.டி. முடித்தார். விசா சரிவரவில்லை. ரொறன்ரோவில் உறவினர் இருந்ததால் கனடாவுக்கு மாறினார். அங்கே மருந்தாளராகலாம் என்ற முடிவுக்கு வந்தபோது வயது முப்பத்தாறு. “ஆய்வுகூடத்தில இருந்த அஞ்சு வருசத்தில ஒரு நோயாளியின்ர முகத்தையும் நான் காணேல்லை. இப்ப முதலாம் வருசப் பிள்ளை மாதிரி நீரிழிவு மருந்திலயிருந்து திரும்பப் படிக்கிறன்” என்றார். அவருடைய ஆய்வுக் கட்டுரைகளை அந்தப் பரீட்சையில் யாரும் கேட்கப்போவதில்லை.

கனடாவில் அமெரிக்காவின் ஐந்து வருட விதி இல்லை. நமது பட்டத்தோடு விண்ணப்பிக்கலாம். ஆவணங்களைச் சரிபார்த்த பிறகு ஒரு மதிப்பீட்டுப் பரீட்சை. அதன்பின் தகுதிப் பரீட்சை, இரண்டு பகுதிகள்: ஒன்று பல்தேர்வு வினாக்கள், மற்றது நோயாளியாக நடிப்பவரோடு பேசிக் காட்டும் செயல்முறைப் பரீட்சை. தடுமாற்றம் அதிகம் வருவது இந்த இரண்டாவதில்தான். காரணம் அறிவுக் குறைவு அல்ல. நமது வைத்தியசாலைகளில் நீண்ட வரிசைக்கு மருந்து கொடுத்துப் பழகியவருக்கு, ஒருவரோடு ஆறுதலாக இருந்து பேசும் பழக்கம் வந்திருக்காது. பிறகு அந்தந்த மாகாணத்தின் நிபந்தனைகள்.

பிரித்தானியாவில் வெளிநாட்டு மருந்தாளர்களுக்கான ஒரு வருடப் பாடநெறி, 52 வாரப் பயிற்சி, பதிவுப் பரீட்சை. அவுஸ்திரேலியாவில் ‘ஓப்ரா’ என்ற பரீட்சையும் மேற்பார்வையில் பயிற்சியும். மருந்தாளர் வேலைதான் நோக்கம் என்றால் இந்த மூன்று நாடுகளையும் முதலில் பார்க்கலாம். ஆய்வுதான் நோக்கம் என்றால் நாட்டைவிட மேற்பார்வையாளரைப் பார்க்க வேண்டும்: அவருடைய பழைய மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? நிறுவனத்திலா, பல்கலைக்கழகத்திலா, நான்காவது வருடத்தில் விட்டுவிட்டுப் போனார்களா? அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்பதில் வெட்கம் தேவையில்லை.

பல்கலைக்கழகத்தில் தகுதிகாண் விரிவுரையாளராக இருந்து கற்கை விடுமுறையில் போகிறவர்களின் நிலை வேறு. அவர்களுக்குத் திரும்பி வர ஒரு வேலை இருக்கிறது, கூடவே பிணை ஒப்பந்தமும் இருக்கிறது. திரும்பாவிட்டால் பணம் கட்ட வேண்டும். பிணைக்குக் கையொப்பமிட்டவர்கள் ஊரில் சம்பளத்தில் வாழும் மனிதர்கள் என்பதைப் பலர் விமானம் ஏறியதும் மறந்துவிடுகிறார்கள். திரும்பி வரும் எண்ணம் உள்ளவர்களுக்கு ஆய்வுத் தலைப்புத் தெரிவு முக்கியம். நமது நாட்டுக்குத் தேவையான மருந்தில் பெரும்பகுதி இறக்குமதி. விலையுயர்ந்த கருவி ஒன்றில் மட்டும் செய்யக்கூடிய ஆய்வைப் படித்து வந்தவர் இங்கே கையைக் கட்டிக்கொண்டு இருக்க நேரிடும். மருந்தின் தரம், விலை, கொள்வனவு, ஒழுங்குமுறை பற்றிப் படித்து வந்தவருக்கு மறுநாளே வேலை காத்திருக்கும்.

எந்த வழியில் போவதானாலும் இலங்கை மருத்துவச் சபையில் மருந்தாளராகப் பதிவு செய்துவிட்டுப் போங்கள். பிஎச்.டி.தானே, பதிவு எதற்கு என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. பிரித்தானியப் பாடநெறிக்கு விண்ணப்பிக்கும்போது, பட்டம் பெற்ற நாட்டில் மருந்தாளராகப் பணியாற்றும் தகுதி உங்களுக்கு இருக்கிறதா என்று கேட்பார்கள். அந்தக் கடிதத்தை வெளிநாட்டிலிருந்து ஆள் வைத்து எடுப்பதைவிட, ஊரில் இருக்கும்போதே கொழும்புக்கு ஒருமுறை போய்வருவது சுலபம்.