சிற்றலை நீரும் பலகையின் அடிவளைவும்

இராமேசுவரத் தீவிலிருந்து தனுசுக்கோடி நோக்கி நீளும் மணல்நாக்கின் இருபுறமும் இருவேறு கடல்கள். வடக்கே பாக் விரிகுடா; அதன் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழத்தைக்கூட எட்டாதது. தெற்கே மன்னார் வளைகுடா. இந்தியப் பெருங்கடலை நோக்கி வாய் திறந்தது. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் புரண்டெழ, வடகடல் மணற்கரையின் மறைவில் அடங்கிக் கிடக்கும். வாடை எழுந்தால் நிலைமை தலைகீழாகும். பட்டத்தின் இழுவிசையில் பலகைமேல் நின்று நீர்ப்பரப்பில் விரையும் கைட்போர்டிங் விளையாட்டுக்கு இக்கரை இவ்வளவு இசைந்து வருவது இதனால்தான்.

இவ்விளையாட்டில் பேச்செல்லாம் பட்டத்தைப் பற்றியே. பிரான்சு நாட்டின் லெகெய்ன்யூ உடன்பிறப்புகள் ஊதிப் பெருக்கும் பட்டத்துக்கு 1984-இல் காப்புரிமை கோரிய நாள்முதல் அதன் அறிவியல் பெரிதும் வளர்ந்துவிட்டது. பலகையையோ வாங்குவோர் நீளமும் நிறமும் பார்த்து எடுத்துக்கொள்கின்றனர். இது பெருந்தவறு. காற்றைச் சந்திப்பது பட்டம். நீரின் அடியை வாங்குவது பலகையும் அதன்மேல் மடங்கி நிற்கும் முழங்காலும்.

வாடைக்காலப் பாக் விரிகுடாவின் நீரைக் கருதுவோம். காற்று கடந்துவரும் நீர்வெளியின் தொலைவு குறைந்தால் அலைகளும் குறுகி நெருங்கும். இரு முகடுகளுக்கு இடையே இரண்டு நொடி என்றால், அலைநீளம் ஏறத்தாழ 6 மீட்டர். அலையின் வேகம் நொடிக்கு 3 மீட்டர். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் அதைச் சாய்வாக எதிர்த்துச் செல்பவர் நொடிக்கு ஒன்றரை முகடுகளுக்குக் குறையாமல் மோதுகிறார். ஒரு மணி நேரத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட அடிகள்! பெருங்கடலிலிருந்து பத்து நொடிக்கு ஒன்றாக வரும் பேரலை உயரமானதாயினும் மெல்லச் சரிந்தே வரும். உடலை இப்படி வதைக்காது.

இவ்வடியின் இலக்கணத்தை முதலில் ஆராய்ந்தவர்கள் வானூர்தி அறிஞர்கள். நீரில் இறங்கும் வானூர்தியின் மிதவைகள் ஏற்கும் மோதல் விசையை 1929-இல் தியோடர் வான் கார்மன் கணக்கிட்டார். 1932-இல் எர்பெர்ட் வாக்னர் அக்கணக்கைச் செப்பமாக்கினார். மிதவையின் அடி, நடுவில் கூர்ந்து இருபுறமும் மேலேறினால் மோதலின் உச்ச அழுத்தம் வியக்கத்தக்க அளவில் வீழ்கிறது. அந்த ஏற்றக் கோணத்தை 5 பாகையிலிருந்து 10 பாகையாக்கினால், வாக்னரின் கணக்குப்படி, உச்ச அழுத்தம் ஏறத்தாழ நான்கில் ஒன்றாகிறது. ஏராக்கட்டை வைத்துப் படகு கட்டும் நம் கரையோரத் தச்சர்களின் கைகள் இவ்வுண்மையை நெடுங்காலமாக அறிந்தவை. தட்டையான அடி நீரை அறைகிறது. கூர்ந்த அடி நீரைப் பிளக்கிறது.

ஆதலால் சிற்றலை நீருக்கான பலகையைக் கவிழ்த்துப் பார்த்தே வாங்கவேண்டும். காலடிக்கு நேர்கீழே, நடுவில் சிறு முகடும் இருபுறமும் குழிவும் அமைந்த அடியே சிறந்தது. அடுத்தது முனை ஏற்றம். தரையில் வைத்தால் நடுப்பகுதி தொட, இருமுனைகளும் உயர்ந்து நிற்கும் வளைவு அது. ஏற்றம் மிகுந்தால் முனை அலைக்குள் குத்தாது, மோதலும் மென்மையாகும். ஆனால் பலகை நீரைத் தள்ளிக்கொண்டு செல்வதால் வேகம் குன்றும், காற்றுக்கு எதிராக ஏறுவதும் கடினமாகும். இருமுனையும் ஒத்த பலகைகள் பெரும்பாலும் 132 முதல் 142 செ.மீ. நீளமும் 39 முதல் 43 செ.மீ. அகலமும் உடையவை. ஒருவர் எடைக்கு இசைந்த அளவுகளுள் ஒடுங்கியதையே கொந்தளிக்கும் நீருக்குத் தேர்வேன். காற்றுப்பக்க விளிம்பில் சாய்த்து ஓட்டும்போது அதுவே எளிதில் அறுத்துச் செல்லும்.

கரிம இழையின் விறைப்பை உயர்தரம் என்று விற்கிறார்கள். துள்ளிப் பறப்பவர்க்கு அது உதவலாம். சிற்றலை நீரில் ஒவ்வோர் அடியையும் அது முழங்காலுக்கு அப்படியே கடத்திவிடும். மரக்கருவின்மேல் கண்ணாடி இழை போர்த்த பலகை சற்றே நெகிழ்ந்து மோதலின் கடுமையைத் தணிக்கும். விலையும் குறைவு.

கரையோரம் உடையும் சிறிய அலைமேல் ஏறிச் சறுக்க விரும்புவோர்க்கோ தேவைகள் மாறிவிடுகின்றன. அத்தகைய அலையின் உந்தல் வலிமையற்றது. அது ஓய்ந்துபோகும் இடத்திலும் பலகை மிதந்து முன்னேற வேண்டும். அதற்கு மிதப்பு மிகுந்த, பின்புறம் அகன்ற, முனை ஏற்றம் தாழ்ந்த ஒருதிசைப் பலகை வேண்டும். மேலே சொன்ன பலகைக்கு இது ஏறக்குறைய நேரெதிர். இரண்டுக்கும் ஒன்றே போதும் என்னும் விளம்பரத்தை நான் நம்புவதில்லை. ஒன்றே வாங்க இயலுமாயின், முனை ஏற்றம் நடுத்தரமாகவும் அடி கூர்ந்தும் உள்ள இருமுனைப் பலகையை வாங்குக. சறுக்கும் இன்பம் சற்றுக் குறையினும் முழங்கால் பிழைக்கும்.

கடைக்குச் செல்லுமுன் நீங்கள் ஓட்டப்போகும் கரைக்குச் செல்லுங்கள். நீரில் நட்ட கம்பம் ஒன்றை ஒரு மணித்துளி உற்றுநோக்கி, அதைக் கடக்கும் முகடுகளை எண்ணுங்கள். முப்பதை நெருங்கினால் கூர்ந்த அடி. பத்துக்குள் அடங்கி, கரையோரம் அலை உடைந்தால் ஒருதிசைப் பலகை.