தொண்டர் என்னும் பெயர்

கெடா மாநிலத்தின் கூலிம் மாவட்டத்தில் கரங்கான் என்னும் சிற்றூர் உள்ளது. ஒரு காலத்தில் அதனைச் சுற்றி எங்கும் இரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. டப்ளின் தோட்டம் அவற்றுள் ஒன்று. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு, கெடாவின் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர்களிடையே தங்கள் மக்களுக்குத் தாங்களே தொண்டு செய்யும் ஓர் இயக்கம் எழுந்தது. பீடோங்கில் உள்ள ஹார்வர்ட் தோட்டத்தைச் சேர்ந்த ஏ.எம். சாமி என்பவர் அதற்குத் தலைமை தாங்கினார். தொண்டர் படை என்பது அதன் பெயர்.

தொண்டர் என்பது பழைய சொல். சிவனடியார்களின் வரலாற்றைக் கூறும் பெரியபுராணத்துக்குத் திருத்தொண்டர் புராணம் என்றும் பெயர் உண்டு. அதனை 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றினார். அந்நூலில் வரும் அப்பர், கையில் உழவாரப் படை ஏந்திக் கோவில்களில் முளைத்த புல்லைச் செதுக்கினார். (இங்குப் படை என்பது கருவி, சேனை அன்று.) அப்பூதியடிகள் அப்பரின் பெயரால் தண்ணீர்ப் பந்தல் அமைத்து, வழிப்போக்கரின் தாகம் தீர்த்தார். புல் செதுக்குவதும் தண்ணீர் கொடுப்பதும் யாரும் செய்யக்கூடிய எளிய வேலைகள்தாம். அவற்றையே இறைவழிபாடாகக் கருதியதால் அவர்கள் தொண்டர் எனப்பட்டனர். தோட்டத்து இளைஞர்கள் இந்தப் பெயரைத்தான் தங்களுக்குச் சூட்டிக்கொண்டார்கள்.

அப்போது தோட்ட மக்களின் நிலை மிக மோசமாக இருந்தது. 1942, 1943-ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாம்–பர்மா இரயில் பாதை அமைக்க ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்களை அழைத்துச் சென்றனர்; பலர் திரும்பவே இல்லை. எஞ்சியோரிடம் பசியும் நோயும் இருந்தன. இவற்றுடன் கள்ளும் சேர்ந்துகொண்டது. தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை நடத்த ஆங்கிலேய ஆட்சி உரிமம் அளித்திருந்தது. விடியுமுன் எழுந்து பால் வெட்டிச் சம்பாதித்த பணம், சம்பள நாள் மாலையில் அந்தக் கடைக்கே போய்ச் சேர்ந்தது. மறுநாள் லயத்தில் அடுப்பு எரியாத வீடுகள் இருந்தன.

கள்ளுக்கடையை மூட வேண்டும் என்பது புதிய குரலும் அன்று. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தபோதே அதனைக் கேட்டார்கள். துரையைக் கண்டதும் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்டார்கள். இரண்டும் வெவ்வேறு கோரிக்கைகள்போல் தோன்றலாம். உண்மையில் இரண்டுக்கும் வேர் ஒன்றே: தாமும் மதிப்புள்ள மனிதர் என்னும் உணர்வு.

தொண்டர் படையினர் சீருடை அணிந்து அணிவகுத்தனர். அவர்களுள் சிலர் போர்க்காலத்தில் இந்திய தேசிய இராணுவத்தில் பயிற்சி பெற்றவர்கள். கள்ளுக்கடைகளின் முன் நின்று மறியல் செய்தனர். ‘குடிக்காதே’ என்று பிறரிடம் சொல்பவர் முதலில் தாம் குடியை விட்டிருக்க வேண்டும். ஒழுங்கைப் பற்றிப் பேசுபவர் நேரத்துக்கு வந்து நிற்க வேண்டும். ஆகவே பிறருக்காக எடுத்த வேலை முதலில் அவர்களையே மாற்றியது. ‘கூலி’ என்று மட்டும் அழைக்கப்பட்டவர், அண்டை வீட்டுக் குடும்பம் பசியின்றி உறங்கத் தாமும் காரணம் என்று எண்ணத் தொடங்கினார். சம்பளப் பட்டியலில் இந்த வருமானத்துக்கு இடம் கிடையாது.

குறையும் இருந்தது. குடித்தவரைத் திருத்தும் வேகத்தில் சில இடங்களில் அவரைத் தண்டிக்கவும் செய்தனர். அன்பினால் செய்யும் பணி அதிகாரமாக மாறுவதற்கு அதிக நேரம் ஆவதில்லை. அப்பர் புல்லைத்தான் செதுக்கினார், மனிதரை அன்று.

தொழிலாளர்களின் இந்த எழுச்சியை ஆட்சியாளர்கள் ஐயத்துடன் பார்த்தனர். 1947-இல் பீடோங் வட்டாரத்தில் மறியல் செய்தோருக்கும் காவலருக்கும் மோதல் மூண்டது. கூலி உயர்வு கேட்டும் அக்காலத்தில் தோட்டங்களில் போராட்டங்கள் நடந்தன. அதே ஆண்டு ஏப்ரல் இறுதியில், கரங்கான் டப்ளின் தோட்டத்தில் திரண்டிருந்த தொழிலாளர்களை நோக்கிக் காவலர் சுட்டதில் ஒருவர் உயிரிழந்தார். 1948 ஜூன் மாதம் நாட்டில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. கூட்டம் கூடுவதே கடினமாயிற்று. தொண்டர் படையும் மறைந்தது.

அதன் பெயரை இன்று அறிந்தோர் சிலரே. ஆனால் தைப்பூச நாளில் வெயிலில் காவடி தூக்கி வருவோர்க்குத் தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றிக் கொடுப்பவரையும், விழா முடிந்த பின் குப்பை கூட்டுபவரையும் மக்கள் தொண்டர் என்றே அழைக்கிறார்கள்.