வேலியில் காயும் வேட்டி

வெண்ணாற்றிலும் குடமுருட்டியிலும் தண்ணீர் ஓடும் மாதங்களில் படித்துறைப் பக்கம் போனால், துவைத்த துணி கரையெங்கும் விரிந்து கிடக்கும். படிக்கட்டில் கொஞ்சம், புல்லில் கொஞ்சம். அங்கேயும் இடமில்லை என்றால் இருக்கவே இருக்கிறது நெய்வேலிக் காட்டாமணக்குப் புதர். அதன்மேல் போர்வையைப் போட்டுவிட்டால் காற்றுக்குப் பறக்காது, கிளிப்பும் வேண்டாம். வீட்டில் கிளுவை வேலி, வைக்கோல் போர். தஞ்சைப் பக்கத்துக் கொல்லைகளில் கொடி இல்லாமலில்லை. ஆனால் கொடி நிறைந்ததும் மிச்சத் துணி போய்ச் சேருவது இந்த இடங்களுக்குத்தான்.

எந்த சோப்பு போடுவது என்று யோசிக்கிற நாம், எங்கே காயப்போடுவது என்று யோசிப்பதில்லை. உடல்நலத்தைப் பொறுத்தவரை இரண்டாவது கேள்விக்குத்தான் கனம் அதிகம் என்பேன்.

புல் நுனியில் காத்திருப்பது

ஸ்க்ரப் டைபஸ் என்னும் காய்ச்சலைச் செய்தித்தாள்கள் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகின்றன. மாட்டின் காதில் தொங்கும் கொழுத்த உண்ணியை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி. அதன் குஞ்சு கால் மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். எலியின் மேல் ஏறி ஒரு முறை உணவெடுத்தால் அதற்குப் போதும். எலி கிடைக்காத நேரத்தில் மனிதன். புல் நுனியிலும் புதர் இலையிலும் ஏறி நின்று, உரசிப் போகிற எதன்மேலும் தொற்றிக்கொள்ளும். கடிக்கும்போது ஓரியன்ஷியா சுட்சுகமுஷி என்ற பாக்டீரியா உள்ளே போகிறது. தாய் உண்ணியிடமிருந்து முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்கும் இந்தக் கிருமி இறங்குவதால், ஒரு புதரில் நோய் குடியேறிவிட்டால் லேசில் போவதில்லை.

தென்னிந்தியாவில் மழை விட்டுப் பனி இறங்கும் மாதங்களில் இந்தக் காய்ச்சல் கூடுகிறது. டெல்டாவில் அது சம்பாப் பயிர் நிற்கும் காலம், வரப்பெல்லாம் புல் முழங்காலுக்கு வளர்ந்து எலி வளை பறிக்கிற காலம்.

கடித்து ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், கடும் தலைவலி, உடம்புவலி. டெங்குவைப் போலவே இருப்பதால் முதலில் டெங்குப் பரிசோதனைக்குத்தான் போவார்கள். அடையாளம் ஒன்று உண்டு: கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கறுப்புப் பொருக்கு. அது அக்குளிலோ, தொடை இடுக்கிலோ, மார்பகத்தின் அடியிலோ, பாவாடை நாடா இறுகும் இடுப்பிலோ இருக்கும். வலிக்காது, அரிக்காது, அதனால் நோயாளிக்கே தெரியாது. எல்லோருக்கும் வருவதும் இல்லை. காய்ச்சல் நான்கைந்து நாள் நீடித்தால் வீட்டிலேயே ஒருவர் உடம்பைத் துழாவிப் பார்த்து, பொருக்கு இருந்தால் மருத்துவரிடம் கூச்சப்படாமல் காட்டுங்கள். வயல் வேலை, புல்லில் காய்ந்த துணி என்று எதுவானாலும் சொல்லிவிடுங்கள். டாக்ஸிசைக்ளின் என்ற விலை மலிவான மாத்திரைக்கே இந்தக் காய்ச்சல் அடங்கும். தேவைப்படுவோருக்கு அசித்ரோமைசின் தருவார்கள். விட்டுவிட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று பரவி உயிருக்கே ஆபத்தாகும். அப்படி முற்றியவர்களுக்கு இரண்டு மருந்தையும் சேர்த்துக் கொடுப்பதே நல்ல பலன் தருகிறது என்பதை வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு 2023-ல் காட்டியது.

இந்த நோய்க்குத் தடுப்பூசி கிடையாது. புல்லில் உட்காராதீர்கள், படுக்காதீர்கள், புதரில் துணி காயப்போடாதீர்கள் என்பதுதான் பொது சுகாதாரத் துறையினர் சொல்லும் தடுப்பு. பெரும்பாலோருக்குத் துணியால் அல்ல, புல்லில் நடப்பதாலும் வேலை செய்வதாலும்தான் இது வருகிறது. ஆனால் டெல்டாவில் இருந்துகொண்டு வரப்பில் இறங்காமல் முடியாது. வேட்டியை வேலியில் போடாமல் இருக்க முடியும். ஐம்பது அடி கயிறும் இரண்டு சவுக்குக் கழியும் போதும்.

கொல்லையில் எந்த இடம்

முதலில் முருங்கை மரத்தை விட்டுத் தள்ளிப் போங்கள். மழைக்காலத்தில் முருங்கை அடிமரத்தில் கம்பளிப்பூச்சி அடை அடையாக அப்பிக்கிடப்பதைப் பார்க்காதவர் இருக்க முடியாது. பூச்சி துணியில் விழ வேண்டும் என்பதுகூட இல்லை. உதிர்ந்த முடி காற்றில் வந்து ஒட்டினாலே போதும். துண்டில் கழுத்தைத் துடைத்ததும் தடித்துச் சிவந்துவிடும். அப்படியானால் தேய்க்காதீர்கள். தேய்த்தால் முடி உள்ளே இறங்கும். ஒட்டும் டேப்பை வைத்து வைத்து எடுத்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் உடனே மருத்துவமனை.

அடுத்தது வெயில். கார்த்திகை முதல் தை வரை சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். மார்கழி நடுவில், உச்சி நேரத்திலேயே 12 அடிச் சுவரின் நிழல் வடக்கே 8 அடி நீளும். காலையிலும் மாலையிலும் இன்னும் நீளம். ஆகவே வீட்டின் வடபுறச் சுவரை ஒட்டிக் கட்டிய கொடி, வெயில் மிகவும் தேவைப்படும் மாதங்களில் நிழலிலேயே நிற்கும். தென்புறம் திறந்த இடமாகப் பாருங்கள். மாட்டுக்கொட்டகைக்கும் எருக்குழிக்கும் பக்கம் வேண்டாம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

உயரத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். துணி விழுந்தாலும் தரையில் புரளாத உயரம் வேண்டும். அதே சமயம் கழுத்து மட்டத்தில் கயிறு இருக்கவும் கூடாது. இருட்டில் கொல்லைக்குப் போகிறவர், சைக்கிளில் வளைந்து வரும் பிள்ளை, இருவருக்கும் அது ஆபத்து. தோள்வலி உள்ள பெரியவர்கள் ஈரப் போர்வையைத் தலைக்கு மேல் தூக்குவதும் நல்லதல்ல. இதற்குப் பழைய வழியே போதும்: நடுவில் ஒரு கவட்டைக் கழி. கழியைச் சாய்த்துக் கொடியை இறக்கித் துணியைப் போடுங்கள். பிறகு நிமிர்த்தினால் மேலே போய்விடும்.

கம்பி வேண்டாம்

கட்டுக்கம்பி துருப்பிடிக்கிறது, துணியில் கறை ஏறுகிறது என்பதெல்லாம் சின்ன விஷயம். மின்சாரம்தான் பெரிய விஷயம். மின்கம்பத்திலும் ஸ்டே கம்பியிலும் கொடி கட்டாதீர்கள், மாடு கட்டாதீர்கள் என்று மின்வாரியம் ஒவ்வொரு மழைக்காலத்திலும் சொல்லிக்கொண்டிருக்கிறது. நாம் கவனிக்க வேண்டியது இன்னொன்று: வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயரும் கொல்லை மோட்டாருக்குப் போகும் வயரும். வயரின் மேலுறை தேய்ந்த இடத்தில் கம்பிக்கொடி உரசினால், ஈரத் துணியைத் தொடுகிறவர் கையில் முழு மின்சாரமும் பாயும். காப்பாற்றப் போகிறவரும் சேர்ந்து மாட்டிக்கொள்கிற விபத்து இது. மெயினை அணைக்காமல் தொடவே கூடாது.

நைலான் கயிறு போதும். அதையும் வயர் போகும் பாதைக்குக் குறுக்கே கட்ட வேண்டாம். வீட்டு மெயின் பலகையில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று இருந்தால் கசிவு வந்த கணமே மின்சாரத்தைத் துண்டித்துவிடும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறிய பிறகு மின்கம்பங்களும் தென்னைகளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்ததை நாகப்பட்டினம், திருவாரூர் மாவட்டங்கள் மறக்கவில்லை. காற்றடித்து ஓய்ந்த காலையில் கொடியைத் தொடுமுன் அதன்மேல் என்ன விழுந்திருக்கிறது என்று பாருங்கள். அறுந்த வயர் கிடந்தால் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள்.

ஒளித்துக் காயப்போடுபவை

எந்தக் கொல்லைக்கும் போய்ப் பாருங்கள். வெள்ளை வேட்டி நடு வெயிலில் நிற்கும். உள்பாவாடையும் உள்ளாடையும் ஒரு சேலைக்கு அடியில் இருக்கும். மாதவிடாய்த் துணி அங்கேகூட இருக்காது; குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்கும். வெயில் எதற்கு அதிகம் வேண்டுமோ அதற்குத்தான் கொஞ்சமும் கிடைப்பதில்லை. பெண்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கொடியைத் தெருவைப் பார்க்கக் கட்டியது வீட்டு ஆண்களாகவும் இருக்கலாம்.

மாதவிடாய்க்குப் பருத்தித் துணி பயன்படுத்துவதில் தவறே இல்லை. சோப்புப் போட்டு அலசி, மொறுமொறுவென்று காய்ந்தால் அது சுத்தமான துணிதான். அரைகுறை ஈரத்தோடு மடித்து வைத்ததைக் கட்டினால்தான் அரிப்பும் புண்ணும் வருகின்றன. தீர்வு எளிது: இரண்டு கொடிகளை இணையாகக் கட்டுங்கள். வெளிப்பக்கக் கொடியில் போர்வையும் வேட்டியும். உள்பக்கக் கொடியில் மற்றவை. மறைப்பு பக்கத்தில் இருக்கட்டும். வெயில் மேலிருந்துதானே வருகிறது?

படர்தாமரையும் இந்த ஈரத்தில்தான் வளர்கிறது. முன்பெல்லாம் ஒரு களிம்பில் போன படை இப்போது மாதக்கணக்கில் நிற்கிறது. வழக்கமான மருந்துக்கு மசியாத டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்ற பூஞ்சைக்கு 2020-ல்தான் பெயரே வைத்தார்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு அரிப்பை அடக்கிப் படையைப் பரப்பும். பல ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-ல் விதியைக் கடுமையாக்கியும் பழக்கம் நிற்கவில்லை. படை உள்ளவரின் துணியைத் தனியாக, 60 டிகிரி வெந்நீரில் ஊறவைத்துத் துவையுங்கள். அது கை பொறுக்காத சூடு, கழியால் கிளறுங்கள். உட்புறம் வெளியே வரத் திருப்பிப் போடுங்கள். எலாஸ்டிக் பட்டிதான் கடைசியில் காயும். தொட்டுப் பார்க்க வேண்டியது அதைத்தான். துண்டு ஆளுக்கொன்று.

அடைமழையில்

ஐப்பசியில் கொடி வீட்டுக்குள் வந்துவிடும். பழைய வீடுகளில் முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரம் இருந்தது; மடித் துணிக்கு உத்தரத்தில் மூங்கில் தொங்கியது. ஆசாரத்துக்காகச் செய்தது என்றாலும், மேலே காற்றோடும் இடத்தில் துணி காய்ந்தது. இப்போது படுக்கையறை ஃபேனுக்கு அடியில் காய்கிறது. ஒரு வாளித் துணியிலிருந்து லிட்டர் கணக்கில் ஈரம் அறைக்குள் ஏறுகிறது; சுவர் மூலையில் கரும்புள்ளியாகப் பூசணம் பூக்கும். குளிருக்கு ஜன்னலை அடைத்து வாழும் கிளாஸ்கோவில்கூட இதை ஆராய்ந்து, வீட்டுக்குள் துணி காயவைப்பது பூஞ்சைக்கு வழி என்று எச்சரித்திருக்கிறார்கள். நமக்கு ஜன்னலைத் திறக்கவாவது முடியும். இழுப்பு, ஆஸ்துமா உள்ளவர் படுக்கும் அறையில் மட்டும் ஈரத் துணி வேண்டவே வேண்டாம்.

விளக்கு வைப்பதற்குள்

வெளியில் காய்ந்ததைப் பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுங்கள். நெல் வயலில் ஒரு பூச்சி உண்டு. எறும்பைப்போல் ஒல்லியாக, கறுப்பும் ஆரஞ்சும் மாறி மாறி இருக்கும். வேளாண் துறையினர் ரோவ் வண்டு என்பார்கள். தத்துப்பூச்சியைத் தின்பதால் பயிருக்கு நண்பன். இரவில் டியூப்லைட் வெளிச்சத்துக்கு வந்து துணி மடிப்பில் ஒளிந்துகொள்ளும். கடிக்காது, கொட்டாது. ஆனால் உடம்பில் வைத்து நசுக்கினால் பெடரின் என்ற நச்சு வெளிப்பட்டு, ஒன்றிரண்டு நாளில் கோடு இழுத்தாற்போல் தோல் வெந்து கொப்புளிக்கும். பலரும் அக்கி என்று நினைத்துக் காவி பூசி எழுதிக்கொள்ளப் போகிறார்கள். பூச்சி மேலே ஊர்ந்தால் அடிக்காமல் ஊதித் தள்ளுங்கள். நசுங்கிவிட்டால் உடனே சோப்பால் கழுவுங்கள், அந்தக் கையால் கண்ணைத் தொடாதீர்கள். கொல்லை விளக்கைக் கொடிக்கு நேர் மேலே போட்டிருந்தால் இடத்தை மாற்றுங்கள். துணியை எடுக்கும்போது ஒவ்வொன்றாக நன்றாக உதறி மடியுங்கள். குழந்தைத் துணியை இரண்டு முறை.