பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு ஆயத்தப்படுத்துவது எப்போது?

வருஷத்தின் நடுப்பகுதி வந்தால் எங்கள் அலுவலகத்துக்கு வரும் தாய்மாரின் தொகை கூடிவிடும். அடுத்த வருஷம் தரம் ஒன்றுக்குப் பிள்ளையைச் சேர்க்க விண்ணப்பம் போடுகிற காலம் அது. கொழுந்து நிறுத்துவிட்டு, கூடையை வெளியில் வைத்துவிட்டு வந்து, "ஐயா, எம் புள்ளைக்கு அ, ஆ முழுசும் தெரியும், நூறு வரைக்கும் எண்ணுவான், சேத்துக்குவாங்கதானே?" என்று கேட்பார்கள். சேர்த்துக்கொள்வார்கள். அ, ஆ தெரியாத பிள்ளையையும் சேர்த்துக்கொள்வார்கள். எழுத்துச் சொல்லிக் கொடுக்கத்தான் பள்ளிக்கூடம் இருக்கிறது. ஆனால் பள்ளிக்கூடத்தால் திருப்பிச் செய்ய முடியாத சில வேலைகள் உண்டு. அவை பிள்ளை பிறந்தது முதல் ஐந்து வயதுக்குள் வீட்டிலும் பிள்ளை மடுவத்திலும் நடக்க வேண்டியவை. அவற்றைப் பற்றித்தான் இந்த முறை எழுதுகிறோம்.

முதலில் கிளினிக் காட். ஆண் பிள்ளைக்கு நீலம், பெண் பிள்ளைக்கு ரோஸ் நிறத்தில் தருகிற அந்தப் புத்தகத்தைப் பல வீடுகளில் பெட்டிக்குள் துணிக்கு அடியில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். பத்திரமாக வைப்பது நல்லதுதான். அதைத் திறந்தும் பார்க்க வேண்டும். ஊசி போட்ட திகதி மாத்திரம் அதில் இல்லை. பிள்ளையின் நிறைக்கு ஒரு கோடு போடுகிறார்கள். எந்த மாதத்தில் பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்றும் அச்சடித்திருக்கிறது. நிறைக்கோடு பச்சைப் பகுதியில் மேலே ஏறிக்கொண்டு போனால் சந்தோஷம். செம்மஞ்சளுக்கோ சிவப்புக்கோ இறங்கினால் கட்டாயம் கவனிக்க வேண்டும். பச்சைக்குள் இருந்தாலும் இரண்டு மூன்று மாதமாகக் கோடு ஏறாமல் படுத்துக் கிடந்தால் அதுவும் ஒரு அறிகுறிதான். அப்படியானால் மிட்வைஃப் அம்மாவிடம் காரணம் கேளுங்கள்.

பிள்ளை வளர்வதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. இரண்டு மாதம் அளவில் தாயின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கும். நாலு மாதத்தில் தலை நிற்கும். ஆறு மாதத்துக்கும் ஒன்பது மாதத்துக்கும் இடையில் பிடிக்காமல் உட்காரும். பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பும். ஒரு வயதில் எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கும், வேண்டியதை விரலால் காட்டும். சில பிள்ளை பத்து மாதத்திலேயே நடக்கும், சில பிள்ளை பதினைந்து மாதம் எடுக்கும். பக்கத்துக் காம்பராப் பிள்ளை நடந்துவிட்டது, நம்ம பிள்ளை நடக்கவில்லை என்று மனம் உடைய வேண்டாம். ஆனால் 18 மாதம் முடிந்தும் தனியாக நடக்காவிட்டால் காத்திருக்கக் கூடாது. இரண்டு வயதில் "அம்மா வா", "பால் தா" என்று இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேச வேண்டும். மூன்று வயதில் வீட்டார் அல்லாத ஒருவருக்கும் அதன் பேச்சு பெரும்பாலும் விளங்க வேண்டும். எந்த வயதிலும், வந்த பேச்சு நின்றுபோனால், நடந்த பிள்ளை நடக்காமல் போனால், அடுத்த கிளினிக் வரை பார்த்திருக்காமல் அன்றைக்கே டொக்டரிடம் கொண்டுபோக வேண்டும்.

பேச்சு விஷயத்தில்தான் எங்களுக்குப் பெரிய கஷ்டம். "ஆம்பளப் புள்ள, பேச லேட்டாகும்", "இவங்க அப்பனும் நாலு வயசுலதான் பேசுனான்" என்று லயத்தில் யாராவது ஒரு பெரியவர் சொல்லிவிடுவார். தாயும் பேசாமல் இருந்துவிடுவாள். பெரியவர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. பத்துப் பிள்ளைகளை வளர்த்தவர்கள். ஆனால் பேச்சுப் பிந்துவதற்கு எத்தனையோ காரணம் இருக்கலாம். அதில் முதலாவது காது.

எங்களுக்குத் தெரிந்த ஒரு பையன் தரம் ஒன்றுக்குப் போனான். சொன்னதைச் செய்ய மாட்டான், பாடம் நடக்கும்போது எழும்பித் திரிவான். அடங்காத பையன் என்று பின் வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள். வீட்டிலும் அடி. பிள்ளை மடுவத்தில் அவனைப் பார்த்த ஆயம்மாதான், அவனுக்குச் சின்ன வயதில் இருந்தே காதில் சீழ் வடியும், எண்ணெய் காய்ச்சி ஊற்றுவார்கள் என்று எங்களிடம் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியபோது இரண்டு காதிலும் கேட்கும் சக்தி குறைந்திருந்தது தெரிந்தது. "இல்ல ஐயா, ஸ்டோர்ல சங்கு ஊதுனா திரும்பிப் பாப்பானே" என்று தகப்பனார் வாதாடினார். சங்குச் சத்தம் பாதி காது கேட்கிற பிள்ளைக்கும் கேட்கும். தாய் மெதுவாகப் பேசுவதும், வகுப்பில் டீச்சர் சொல்வதும்தான் கேட்காது. இப்போது வைத்தியம் நடக்கிறது, முன் வரிசையில் இருக்கிறான். ஆனால் பேச்சு வளர வேண்டிய மூன்று நாலு வருஷம் போய்விட்டது. சீழ் வடிகிற காதுக்குள் எண்ணெய் ஊற்ற வேண்டாம். முதலில் தோட்ட டொக்டரிடம் காட்டுங்கள். அவர் தேவைப்பட்டால் டிக்கோயாவுக்கோ நுவரெலியாவுக்கோ, பேராதனை சிறுவர் ஆஸ்பத்திரிக்கோ அனுப்புவார்.

காது நன்றாக இருந்தாலும், பேசாத வீட்டில் பிள்ளை பேசாது. காலையில் இருட்டோடு எழும்பி, ரொட்டி தட்டி, பிள்ளையை மடுவத்தில் விட்டு, மலைக்கு ஏறுகிற தாய்க்கு நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்பது நியாயம்தான். அதற்குத் தனியாக நேரம் ஒதுக்கத் தேவையில்லை. குளிக்க வார்க்கும்போது "இது கை, இது கால்" என்று சொல்லலாம். மடுவத்துக்குத் தூக்கிப் போகும் வழியில் ஆடு, வாய்க்கால், பஸ் எல்லாவற்றையும் காட்டிப் பேசலாம். அந்தியில் அடுப்படியில் கதை சொல்லலாம். தகப்பன்மாரும் பேச வேண்டும். டீவியும் போனும் பிள்ளையோடு பேசுவதாகக் கணக்கில் வராது, ஏனென்றால் பிள்ளை கேட்பதற்கு அவை பதில் சொல்லாது. ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு வேலை நேரத்தில் இரண்டு முறை பால் கொடுக்க இடைவேளை தர வேண்டும் என்று மகப்பேற்று நன்மைகள் சட்டத்திலேயே இருக்கிறது. மடுவம் இருக்கிற இடத்தில் ஒவ்வொரு முறைக்கும் அரை மணி நேரம். அதைக் கேட்டு வாங்க வெட்கப்பட வேண்டாம். அந்த அரை மணி நேரமும் பிள்ளையோடு பேசுகிற நேரம்தான்.

அடுத்தது சாப்பாடு. 2016ஆம் ஆண்டு நாடு முழுவதும் எடுத்த சுகாதாரக் கணக்கெடுப்பில், 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் மொத்தத்தில் 100க்கு 17 பேர் என்று கண்டார்கள். தோட்டப் பகுதியில் மாத்திரம் 100க்கு 32 பேர். பரம்பரையாகவே நாம் கட்டை என்று சிலர் சிரித்துக்கொண்டு சொல்கிறார்கள். முதல் இரண்டு வயதில் சத்துக் குறைந்தால் உயரம் நின்றுபோவதோடு மூளை வளர்ச்சியும் பாதிக்கப்படும் என்பதால் இது சிரிக்கிற விஷயமில்லை.

இங்கே தேத்தண்ணியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாம் பறிக்கிற கொழுந்தையே குறை சொல்கிறோம் என்று நினைக்காதீர்கள். பெரியவர்கள் குடிக்கட்டும். ஆனால் ரொட்டியை பிளேன்டீயில் தோய்த்து ஒரு வயதுப் பிள்ளைக்கு ஊட்டுவதை நாங்கள் லயம் லயமாகப் பார்க்கிறோம். தேயிலையில் உள்ள சாயச் சத்து, சாப்பாட்டில் இருக்கிற இரும்புச் சத்தை உடம்பு எடுக்க விடாமல் தடுக்கும். இரும்புச் சத்துக் குறைந்த பிள்ளை சோர்ந்து கிடக்கும், விளையாடாது, பிறகு வகுப்பில் மனம் ஊன்றிக் கேட்காது. பிளேன்டீயால் வயிறு நிறைந்துவிடுவதால் அது வேறு சாப்பாடும் கேட்காது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மாத்திரம் போதும். அதற்குப் பிறகு சோறும் பருப்பும் மசித்து, நெத்தலியை இடித்துப் போட்டு, முட்டை, லயத்து வாசலில் வளர்கிற கீரை, மரக்கறி என்று கொடுங்கள். தாய்ப்பாலையும் இரண்டு வயது வரைக்கும் அதற்கு மேலும் கொடுக்கலாம். கொய்யாப்பழம், தோடம்பழம் போன்றவை இரும்புச் சத்து உடம்பில் சேர உதவும். நிறை குறைந்த பிள்ளைக்கு கிளினிக்கில் திரிபோஷா கொடுக்கிறார்கள். அந்தப் பைக்கட்டில் பாதி வீட்டில் உள்ள பெரியவர்களின் வாய்க்குப் போவது எல்லாருக்கும் தெரிந்த இரகசியம். பிள்ளைக்குத் தந்ததைப் பிள்ளைக்கே கொடுங்கள்.

மூன்று வயதுக்குப் பிறகு முன்பள்ளி. "விளையாட விடுறாங்க, ஒன்னும் சொல்லிக் குடுக்கிறதில்ல" என்று முறைப்பாடு வருகிறது. களிமண் உருட்டுவதும், மணி கோர்ப்பதும், காகிதம் கிழித்து ஒட்டுவதும் விரலுக்குப் பலம் கொடுக்கிற வேலைகள். விரல் பலக்காத பிள்ளையின் கையில் பென்சிலைத் திணித்து ஒரு பக்கம் முழுக்க 'அ' எழுத வைத்தால் அதற்கு எழுத்து என்றாலே வெறுப்பு வரும். இடது கையால் எழுதினால் அந்தக் கையில் அடிக்கவும் வேண்டாம். ஐந்து வயதில் ஒரு பிள்ளை தன் முழுப் பெயரைச் சொல்ல வேண்டும். தானாகக் கக்கூசுக்குப் போய்க் கழுவிக்கொள்ள வேண்டும். தானாகச் சாப்பிட வேண்டும், நேற்று நடந்ததைக் கதையாகச் சொல்ல வேண்டும், மற்றப் பிள்ளைகளோடு முறை வைத்து விளையாட வேண்டும். இதெல்லாம் தெரிந்த பிள்ளைக்கு அ, ஆ ஒரு மாதத்தில் வந்துவிடும்.

நம் பாட்டன்மார் காலத்தில் தோட்டத்துப் பள்ளிக்கூடம் வேறு மாதிரி. 1907ஆம் ஆண்டுச் சட்டம் 6 முதல் 10 வயது வரையான தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிப் படிப்புக் கொடுக்கும் பொறுப்பைத் துரைமாரிடம் விட்டது. ஒரு கொட்டகை, ஒரு வாத்தியார், கொஞ்ச நேரப் பாடம். நாட்டில் 1945இல் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டத்துப் பள்ளிகள் வெளியில்தான் நின்றன. 1977 தொடங்கித்தான் அரசாங்கம் அவற்றைப் படிப்படியாக எடுத்தது. இன்று 5 வயதிலிருந்து 16 வயது வரை படிப்புக் கட்டாயம். பாடப்புத்தகமும் சீருடைத் துணியும் அரசாங்கம் தருகிறது. ஆகவே பேர் பதிகிற வேலையில் நாம் பிந்தக் கூடாது.

பிள்ளைக்கு ஜனவரி 31ஆம் திகதிக்கு 5 வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். உதாரணமாக, 2027இல் தரம் ஒன்றுக்குப் போகிற பிள்ளை 2022 ஜனவரி 31ஆம் திகதியோ அதற்கு முன்போ பிறந்திருக்க வேண்டும். பெப்ரவரி முதலாம் திகதி பிறந்திருந்தால் அடுத்த வருஷம்தான். விண்ணப்பத்தோடு பிறப்புப் பத்திரம், குடியிருப்பைக் காட்டுகிற கடிதம் எல்லாம் கேட்பார்கள். லயத்து வீடு நம் பேரில் இல்லையே என்று மலைக்க வேண்டாம். கிராம உத்தியோகத்தரையும் தோட்ட அலுவலகத்தையும் முன்கூட்டியே போய்க் கண்டு கடிதம் எடுங்கள், வாக்காளர் இடாப்பில் உங்கள் பேர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பிறப்புப் பதிவு பிறந்து 42 நாளுக்குள் செய்ய வேண்டியது. மூன்று மாதம் கடந்தால் காலங்கடந்த பதிவு என்று பிரதேச செயலகத்துக்கு அலைய வேண்டும், ஒரு நாள் சம்பளம் இரண்டு நாள் சம்பளம் என்று போய்விடும். பிறப்பைப் பதியாமலே விட்ட பிள்ளைக்கு உத்தேச வயதுப் பத்திரம் எடுக்க வழி இருக்கிறது. பத்திரம் இல்லையென்று பிள்ளையை வீட்டில் வைத்திருக்க வேண்டாம். அதிபரிடம் நேராகக் கூட்டிப்போய்ப் பேசுங்கள், கூட வரச் சொன்னால் நாங்களும் வருகிறோம். பத்திரம் இருக்கிறவர்களும் அதை இன்றைக்கே ஒரு முறை வாசித்துப் பாருங்கள், அல்லது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். தாய் தகப்பன் பேர் அடையாள அட்டையில் ஒரு மாதிரி, பத்திரத்தில் வேறு மாதிரி இருந்தால் இப்போதே திருத்த வேண்டும். பரீட்சைக்கும் அடையாள அட்டைக்கும் போகும் வயதில் திருத்துவது பெரிய பாடு.

பேர் சம்பந்தமாக இன்னொரு விஷயம். வீட்டில் 'சூட்டி', 'பாப்பா' என்று ஐந்து வருஷம் கூப்பிட்டுவிட்டு, முதல் நாள் டீச்சர் இடாப்பில் உள்ள பேரைக் கூப்பிட்டால் பிள்ளை பேசாமல் உட்கார்ந்திருக்கும். பத்திரத்தில் உள்ள பேரால் இப்போதிருந்தே கூப்பிட்டுப் பழக்குங்கள்.

பள்ளிக்கூடம் தொடங்க ஒரு மாதத்துக்கு முன்பே வழியையும் பழக்குங்கள். ஒரு முறை பிள்ளையோடு நடந்து போய் வகுப்பு, தண்ணீர்க் குழாய், கக்கூசு எல்லாம் காட்டுங்கள். தேயிலை மலைக்குள் ஒற்றையடிப் பாதையில் தரம் ஒன்றுப் பிள்ளையைத் தனியாக விடக் கூடாது. குளவி இருக்கிறது, சில தோட்டங்களில் சிறுத்தையும் இருக்கிறது, மழைக்காலத்தில் வாய்க்கால் பெருகும். காலையில் எல்லாரும் பெரட்டுக்குப் போகிற நேரமாகையால், ஒரு லயத்தில் நாலு வீட்டார் சேர்ந்து முறை வைத்துக் கூட்டிப் போகலாம். சில தோட்டங்களில் ஓய்வு பெற்ற தாத்தாமார் இந்த வேலையைச் சந்தோஷமாகச் செய்கிறார்கள். முதல் வாரம் பிள்ளை அழும். ஒளிந்து ஓடிவராமல், "பள்ளிக்கூடம் விட்டதும் தாத்தா வருவாரு" என்று சொல்லிவிட்டு வாருங்கள். சொன்னபடி தாத்தா வந்து நிற்க வேண்டும். மூன்று வாரம் ஆகியும் அழுகை நிற்காவிட்டால் டீச்சரோடு பேசுங்கள்.

5 வயதில் ஒரு தடுப்பூசி இருக்கிறது. மூன்று வயது ஊசியோடு கிளினிக் முடிந்தது என்று பலர் நினைத்து விட்டுவிடுகிறார்கள். பள்ளிக்கூடத்திலும் கிளினிக் காட்டைக் கேட்பார்கள். கிளினிக் நாள் பிள்ளை மடுவத்துப் பலகையில் எழுதியிருக்கும், பெரட்டுக் களத்திலும் சொல்வார்கள். காட் தொலைந்தவர்கள் அடுத்த கிளினிக்குக்கு முன்பு மிட்வைஃப் அம்மாவைக் கண்டு சொல்லுங்கள், அவரிடம் உள்ள பதிவைப் பார்த்து வேறு காட் எழுதித் தருவார்.