செல்போன் திரைக்குள் படுத்துக் கிடக்கும் மூலக்கூறுகள்

பூம்புகார் கடற்கரையில் உச்சி வெயில். எடுத்த செல்ஃபியைப் பார்க்க வெளிச்சத்தை முழுசா ஏத்தினாலும் திரை மங்கலாத்தான் தெரியுது. பேட்டரி மட்டும் கரையுது. வெயிலோடு போட்டி போட நிறைய ஒளி வேண்டும். ஆனால் தனி ஏற்பாடு எதுவும் செய்யாத ஓஎல்இடியில் பிறக்கும் ஒளியில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான் வெளியே வரும். மீதி கண்ணாடிக்குள்ளும் படலங்களுக்குள்ளும் சிக்கிக்கொள்ளும்.

இங்கேதான் மூலக்கூறுகள் கிடக்கும் விதம் முக்கியமாகிறது. ஓஎல்இடியின் கரிமக் குறைகடத்திப் படலங்கள் எல்லாம் சேர்ந்தே சில நூறு நானோமீட்டர்தான்; தலைமுடியின் தடிமனோ பல பத்தாயிரம். பொருளை வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைக்கிறார்கள். நீளமான மூலக்கூறுகள் களத்தில் பரப்பிய வைக்கோல் மாதிரி படுத்தால், ஒளி பெரும்பாலும் நேராகக் கண்ணுக்கு வரும். நட்ட நாற்று மாதிரி நிமிர்ந்தால் பக்கவாட்டில் ஓடி வீணாகும். பொருள் அதேதான், படியும் தளத்தின் வெப்பத்தை மாற்றினாலே கிடப்பு மாறிவிடும்.

இந்தக் கிடப்பைக் கண்டுபிடிப்பதில் முன்னோடி ஒரு தமிழர். விருதுநகர் பக்கம் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ்.கிருஷ்ணன், 1928 முதல் 1933 வரை டாக்காவில் இருந்தார். நாஃப்தலீன் (ஆமா, பாச்சா உருண்டைதான்), ஆந்த்ரசீன் போன்ற படிகங்களைக் காந்தப் புலத்தில் தொங்கவிட்டு, அவை திரும்புவதை அளந்தே உள்ளே மூலக்கூறுகள் எப்படிச் சாய்ந்திருக்கின்றன என்று கணக்குப் போட்டார்.

அதே ஆந்த்ரசீன் படிகம்தான் 1963இல் நியூயார்க்கில் மின்சாரத்தில் ஒளிர்ந்தது. ஆனால் நூற்றுக்கணக்கான வோல்ட் தேவைப்பட்டது. 1987இல் கோடக் நிறுவனத்தின் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் இருவரும் வேறொரு கரிமப் பொருளை மெல்லிய படலமாக்கி, 10 வோல்ட்டுக்குள் ஒளிர வைத்தார்கள்.